பூனாகலை ஆத்தாளுக்கு ஒரு கப்பல்

கொழும்பு விமான நிலையத்தில் ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, என் பெட்டி உள்ளே போனதும் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "மீன் முள்ளு மாதிரி தெரியுதாம். இவ்வளவு பெரிய கருவாட்டை இந்தியாவிலேருந்து எதுக்குக் கொண்டு வர்றார்னு கேட்டுச் சிரிக்கிறாங்க."

பெட்டியைத் திறந்து காட்டினேன். மூன்றடிக்கு ஒரு இஞ்ச் கூடின கப்பல் உடம்பு. கீழே சிவப்பு, மேலே கருநீலம், மூக்கில் மஞ்சள் தடவி குங்குமப் பொட்டு. திரையில் மீன் முள்ளாய்த் தெரிந்தது அதன் விலா எலும்புகள். அதிகாரியின் சிரிப்பு நின்றது. "சாமிக்கா?" என்று தமிழிலேயே கேட்டார். ஆமாங்க என்றேன். அவரே மூடியைச் சாத்தி, டேப் ஒட்டி, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். திருச்சியில் என் பசையையும் பெயிண்டையும் தீப்பிடிக்கும் சாமான் என்று பிடுங்கிவைத்துக்கொண்ட வருத்தம் அதோடு போயிற்று.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். துறையூரில் கதவு, ஜன்னல், நிலை செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் இருபது வருடமாய்க் கப்பல் செய்கிறேன். நிலைக்கு அறுத்த மிச்சத்தில் நல்ல தேக்குத் துண்டுகள் விழும். அடுப்பில் போட மனசு வராது. அப்படித் தொடங்கியது. நிஜக் கப்பலின் படத்தை வாங்கி, அளவு மாறாமல் சுருக்கி, விலா நட்டு, மெல்லிய ரீப்பர் ரீப்பராய் வளைத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கடைசியில் பித்தளைத் தகட்டில் பேர் பொறித்து வைப்பேன். பேருக்குக் கீழே 1:100 என்று போடுவேன். நிஜத்தில் நூறு, நம்மிடத்தில் ஒன்று. வீட்டு ஷோகேஸில் இருபத்து மூன்று நிற்கின்றன. என் நிலைக்குக் கதவு ஏறாமல் போனதும் இல்லை, என் கப்பலில் அளவு தப்பினதும் இல்லை. இந்தப் பெருமையோடுதான் விமானம் ஏறினேன்.

பூனாகலை தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் மோகன் ஃபிட்டர் வேலை பார்க்கிறார். சின்ன விமானமும் கப்பலும் செய்கிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம், அதில் பழக்கம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை நகத்தால் தேய்த்து அவர் செய்த உயிர்காப்புப் படகின் போட்டோவைப் பார்த்து அன்றைக்கே குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு வருடமாய்ப் பேச்சு. முகம் பார்த்ததில்லை.

மோகனுடைய மகன் தினேஷ் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து கடலுக்குப் போன முதல் ஆள். போன வருடத்துக்கு முந்தின வருடம் புயலில் அவன் கப்பல் இன்ஜின் நின்றுபோய், எட்டு நாள் தகவல் இல்லை. அவன் அம்மா பரமேஸ்வரி தோட்டத்து மாரியம்மன் முன்னால் விழுந்து, "என் புள்ள ஏறின கப்பல அப்படியே உருவாரமாச் செஞ்சு உன் காலடியில வைக்கிறேன், ஆத்தா" என்று நேர்ந்துகொண்டது. ஒன்பதாம் நாள் போன் வந்தது. ஆனால் நேர்ந்துகொண்ட கப்பல் முடியவில்லை. மலைக்காட்டு ஈரத்தில் மோகன் செய்த உடம்பு இரண்டு தடவை முறுக்கிக்கொண்டது. ஒரு திருவிழா அப்படியே கடந்துபோயிற்று. தினேஷ் திரும்பவும் அதே கப்பலில் ஏறிவிட்டான். "ஆத்தாகிட்ட ஒருக்கா தவணை சொல்லியாச்சுண்ணே, இன்னொருக்கா சொல்ல எனக்கு வாய் வராது" என்று அந்த அம்மா குரல் செய்தியில் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரி சரசுதான், "நீங்க செஞ்சு கொண்டுபோய்க் கொடுங்க" என்றாள்.

உடம்பு நான், மேலே உள்ளதெல்லாம் மோகன் என்று பங்கு வைத்தோம். கப்பலில் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைத் தினேஷ் போட்டோ எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினான். "நூத்துக்கு ஒண்ணு தானேண்ணே?" என்று மோகன் கேட்டார். "நூத்துக்கு ஒண்ணுதான்" என்றேன். வெள்ளிக்கிழமை திருவிழா. நான் போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை.

பதுளை ரயிலில் எங்கள் பக்கத்து பாசஞ்சர் மாதிரியே கூட்டம். ஒரே வித்தியாசம், இங்கே வெள்ளைக்காரர்கள் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் அவர்கள் விழுந்துவிடாமல் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் பெட்டி மேல் தட்டில் ஏறவில்லை, சீட்டுக்கு அடியிலும் போகவில்லை. ஒரு சிங்களப் பாட்டியம்மா தன் பேரப்பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்தைப் பெட்டிக்குக் கொடுத்தார். நான் நின்றுகொண்டே வந்தேன். கப்பல் உட்கார்ந்து மலை பார்த்துக்கொண்டு வந்தது. இறால் வைத்த வடை கூடை கூடையாய் வந்து மூக்கைத் துளைத்தது. உருவாரம் கையில் இருக்கும்போது கவுச்சி தொடுவதில்லை. அவித்த கடலையோடு நிறுத்திக்கொண்டேன்.

பண்டாரவளையில் பூனாகலை பஸ். பெட்டியின் நீளத்தைப் பார்த்து ஒரு பெண் முகம் சுளித்தார். கண்டக்டர் நேராகவே கேட்டார்: "என்னாண்ணே இது, பொட்டி ஒரு மாதிரியா இருக்கு? சாவு விஷயம் எதுவும் இல்லையே?"

"ஐயோ, கப்பலுங்க. கோயிலுக்கு."

"பூனாகலைக்குக் கப்பலா! அங்க குடிக்கிற தண்ணியே வாரத்துக்கு ஒருக்கா பவுசர் லாரில வருது. கப்பல எங்க விடப் போறீங்க?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. முகம் சுளித்த பெண்ணும் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் நாலு கைகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டன.

மோகன் ரோட்டிலேயே நின்றார். மெலிந்த ஆள், தலையில் கம்பளித் தொப்பி. கட்டிப்பிடித்துக்கொண்டோம். தேயிலைக்கு நடுவே படிகள் இறங்கிப் போனால் லயம். ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள், மோகன் வீடு கடைசி. பரமேஸ்வரி வாசலில் மஞ்சள் சேலையோடு, கையில் காப்புக் கட்டியிருந்தது. "வாங்கண்ணே, வாங்க. குளிருதா?" என்று கேட்டுக்கொண்டே சாயத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியும் வைத்தது. சீனியை நக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் பாலும் சீனியும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே, அது தேநீரே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பரமேஸ்வரி குடிக்கவில்லை. காப்புக் கட்டின நாளிலிருந்து அடுப்பில் வெந்தது எதுவும் வாயில் வைப்பதில்லையாம். பழம், இளநீர், துள்ளுமாவு, அவ்வளவுதான். கப்பல் ஆத்தா காலடியில் உட்கார்ந்த பிறகுதான் சோறு. எங்கள் சமயபுரத்து ஆத்தா பக்தர்களுக்காகத் தானே இருக்கிற பச்சைப் பட்டினி போல. நான் சமயபுரத்துக் குங்குமத்தை எடுத்துக் கொடுத்தபோது, அதை வாங்கக் கை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்து வாங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

தரையில் பாய் விரித்து, உடம்பைப் பீடத்தில் நிறுத்தினேன். மோகன் பஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எடுத்தார். கப்பலில் வேலை செய்கிறவர்கள் தங்குகிற மூன்று மாடி வீடு வெள்ளையாய், அதில் கடுகளவு ஜன்னல்கள், மோட்டாரில் சுற்றுகிற செம்புக் கம்பியில் கைப்பிடி, இரண்டு பாரந்தூக்கி, சரக்கறைகளுக்கு மூன்று மூடி. கையெடுத்துக் கும்பிடலாம் போன்ற வேலை. முதல் மூடியை எடுத்து, உடம்பில் நான் விட்டிருந்த வாயில் வைத்தார்.

டொக். மூடி உள்ளே விழுந்தது.

இரண்டாவதையும் வைத்தார். அதுவும் விழுந்தது. வீட்டைத் தூக்கி, அது வந்து கவிழ்ந்து உட்கார வேண்டுமென்று பின்தளத்தில் நான் கட்டியிருந்த விளிம்பின் மேல் வைத்தார். மூடிகள் உள்ளே விழுந்தன என்றால், வீடு மேலே ஏறவே மறுத்தது. தொப்பி சின்னது, தலை பெரியது.

"என்ன மோகன் இது?"

"தெரியலையேண்ணே. வரைபடத்துல உள்ளபடிதான் செஞ்சேன். மீட்டருக்கு ஒரு சென்டி."

"நானும் வரைபடத்துல உள்ளபடிதான் செஞ்சேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "மர வேலையில பழகாத கைன்னா இப்படித்தான்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. மோகன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்பங்கரையில் எங்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பரமேஸ்வரி, தோசைக் கரண்டியோடு வந்து நின்றது. "அண்ணே, நீங்க எப்படி அளந்தீங்க?"

"அடிக்கு ஒரு நூல்மா."

"நூலுன்னா?"

"இஞ்ச எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு நூல். ஆசாரிமார் கணக்கு. மீட்டரை போன்ல அடியா மாத்திக்குவேன். கப்பல்ல ஒரு அடி இருந்தா நம்மகிட்ட ஒரு நூல். அதுதான் நூத்துக்கு ஒண்ணு."

"ஒரு இஞ்சிக்கு எட்டு நூலு. ஒரு அடிக்கு எத்தன இஞ்சி?"

"பன்னெண்டு."

கண்ணைக்கூட மூடித் திறக்கவில்லை. "தொண்ணூத்தாறு. நூறு இல்லையே. மிச்சம் நாலு எங்கண்ணே?"

மலைக்குளிரில் எனக்கு வியர்த்தது. மனசுக்குள் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். தொண்ணூற்றாறுதான். இருபது வருடமாய் யாரோ ஒரு மூத்த ஆசாரி சொன்ன பேச்சை வாங்கிக்கொண்டு நூறு என்று சொல்லியிருக்கிறேன், நூறு என்று பொறித்திருக்கிறேன். ஒரு தடவையும் பெருக்கிப் பார்த்ததில்லை. எல்லாக் கப்பலும் முழுக்க என் கையால் ஆனதால் ஒன்றோடொன்று பொருந்திற்று. தப்பு வெளியே வர வழியே இல்லை. மோகனுடைய அளவில் ஒரு மயிரிழை பிசகில்லை. என் உடம்புதான் பெருத்துப்போயிருந்தது.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல நாலு கிலோவக் குறைச்சு எழுதினா விட்டுருவோமா? தராசுலயே கண்ணு இருக்கும்" என்றது பரமேஸ்வரி. தினம் கொழுந்து பறித்துக் கூடை தூக்குகிறவர்களிடம் கணக்குத் தப்பாது.

"மோகன், தப்பு என்னோடது. பேசினதும் தப்பு" என்றேன்.

"விடுங்கண்ணே. நாலுதானே."

"நாலுன்னா நாலுதான்" என்று சொல்லிவிட்டு, ரொட்டி கருகுகிற வாசனைக்கு ஓடியது அந்த அம்மா.

உடனே ரம்பத்தை எடுத்தேன். பின்தளத்து விளிம்பை அறுத்துவிட்டால் வீடு உட்கார்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான், கப்பல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பூசாரி முத்தையா வந்து சேர்ந்தார். பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். இடுப்பில் கத்தி இருந்தது. என் கையில் ரம்பத்தைப் பார்த்தார், கப்பல் மூக்கில் மஞ்சளைப் பார்த்தார்.

"ஐயா, மஞ்சப் பூசி பூஜை போட்டாச்சா?"

"ஆச்சுங்க. கிளம்புற அன்னிக்கே."

"அப்ப ரம்பத்த உள்ள வைங்க. மஞ்சப் பட்டதுக்கப்புறம் உருவாரத்துல ஆயுதம் படக்கூடாது. பின்னமாயிரும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டலாம், ஆத்தா கப்பலுக்கு வெட்ட முடியாது."

"வேற என்னதாங்க வழி?"

"கொறைக்கத்தான் கூடாது. கூட்டுங்க, யாரு வேண்டாம்னா?"

மோகன் செய்த கப்பல் வீட்டுக்கும் மூடிகளுக்கும்கூட மஞ்சள் பட்டிருந்தது. ஆக, இரண்டு பக்கமும் வெட்ட முடியாது; நடுவில் ஏதாவது சேர்க்கத்தான் முடியும். சரக்கறை வாய்களுக்கு உள்பக்கம் சட்டம் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு மேடை. மறுநாள் புதன். வெள்ளிக்குள் முடியுமா என்று பரமேஸ்வரி கேட்கவே இல்லை. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எங்கள் முன்னால் வைத்துவிட்டு, தனக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. "முடிச்சிரலாம்மா" என்றேன்.

புதன்கிழமை காலை மரம் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அடுப்பங்கரையில் குந்திச் சாயத்தண்ணி குடிக்கும்போது, மேலே பரணில் காய்ந்துகொண்டிருந்த விறகில் ஒரு கட்டையை உருவிப் பார்த்தேன். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் தூர். கத்தி நுனியால் சீவினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, இழையே தெரியவில்லை, கல் மாதிரி கனம். வருடக்கணக்கில் புகையில் காய்ந்ததால் இனி முறுக்காது.

"இதையாம்மா அடுப்புல வைக்கிறீங்க?"

"நல்லா நின்னு எரியும்ணே."

துறையூரில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு வயிறு எரிந்தது.

மரம் கிடைத்தது, பசை இல்லை. தோட்டத்துக் கடையில் இருந்தது செருப்பு ஒட்டுகிற பசை. மோகனும் நானும் பதுளைக்குப் பஸ் ஏறினோம். பக்கத்து சீட்டில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்கட கப்பல் எந்தக் கடலில ஓடும்?" என்று கேட்டார்.

"ஓடாதுங்க அம்மா. கோயில்ல இருக்கும்."

"அப்ப ஏன் இவ்வளவு கணக்கு? கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஆர் கேக்கப் போகினம்?"

மோகன் என்னைப் பார்த்தார். நான் மோகனைப் பார்த்தேன். "இவரு வீட்டம்மா கேக்கும்" என்றேன்.

பதுளையில் ஹார்ட்வேர் கடை முதலாளி சிங்களவர். மோகன் விஷயத்தைச் சொன்னதும், மரப் பசையையும் வெள்ளைப் பெயிண்டையும் எடுத்து வைத்து, கேட்காமலே மெல்லிய உப்புத்தாள் இரண்டு சேர்த்துச் சுருட்டினார். தெய்வத்துக்கு சொரசொரப்பாய் எதையும் கொடுக்கக் கூடாது என்றாராம். மத்தியானம் இலையில் சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும். எங்கள் பக்கம் பலாக்காயைச் சீண்டுவதில்லை. இங்கே அதைத் தேங்காய்ப்பாலில் போட்டு ராஜாவாக்கிவிடுகிறார்கள். இரண்டு தரம் வாங்கினேன்.

சரசுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இருபது வருசமா வாரத்துக்கு ஒருவாட்டி அந்தத் தகட்ட எல்லாம் தொடைக்கிறேன். பொய்யவா தொடச்சிக்கிட்டிருந்தேன்?" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பள சாப்பிட்டாளா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட என்ன பேச்சு, போய் வேலையப் பாருங்க."

திரும்பும்போது மழை பிடித்தது. பூனாகலைக்கு மூன்று வளைவு இருக்கையில் மேட்டு மண் சரிந்து ரோட்டில் கிடந்தது. பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் ஒரு மரம் விழுந்தாலே மறியல் நடக்கும். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்தோம். பசை டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வீடு வந்து பார்த்தால் காலில் ஏழு அட்டைகள். பரமேஸ்வரி எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்து ஒவ்வொன்றாய் விழவைத்தது. "கப்பல்காரருக்கு நம்ம ஊரு அட்டைக்கெல்லாம் பாசம் அதிகம்" என்று மோகன் சொல்ல, அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து வேலை. தேயிலைக் கட்டையை நான் நூல் கனத்துக்குச் சீவச் சீவ, மோகன் அளந்து ஒட்டினார். அன்றைக்கு அளவெல்லாம் மோகனுடைய மீட்டர் ஸ்கேலில்தான். நான் நூல் பக்கமே போகவில்லை. மூடிக்கும் வாய்க்கும் நீளத்தில் எட்டு மில்லி வித்தியாசம், அகலத்தில் நாலு மில்லி. சட்டம் கட்டியதும் மூன்று மூடிகளும் பூட்டுக்குள் சாவி மாதிரி போய் உட்கார்ந்தன. வீட்டுக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் மேடை செய்து, விளிம்பை அதற்குள் மறைத்து, மேலே வீட்டை நிறுத்தினோம். நின்றது, அழகாகவே நின்றது. ஆனால் ஐந்து மில்லி உயரம் கூடிவிட்டது. நிஜக் கப்பலில் அது ஒன்றரை அடி. எனக்கு உறுத்தியது. வெட்டக் கூடாது என்ற பிறகு வேறு வழி இல்லை. அந்த ஒன்றரை அடியை என் பேரில் ஏற்றுக்கொண்டேன்.

ஈரத்தில் பசை காயவில்லை. பரமேஸ்வரி கப்பலைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்தது. எங்களுக்குச் சோறு வேகிற சூட்டில் கப்பல் காய்ந்தது. ஆவியும் வாசனையும் முகத்தில் அடிக்க அடிக்க, உலையைக் கிண்டிக்கொண்டே பசை காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

சாயங்காலம் ஒரு வழக்கு வந்தது. எந்தக் கப்பலுக்கும் நான் கடைசியில் துரு வைப்பேன். நங்கூரம் தொங்கும் துளைக்குக் கீழே செம்பழுப்பாய் ஒரு ஒழுகல். அது இருந்தால்தான் கப்பலுக்கு உயிர். மோகனும் தினேஷ் அனுப்பிய படத்தைக் காட்டி, "இங்க துரு இருக்குண்ணே, வைக்கணும்" என்றார்.

"ஆத்தாளுக்குத் துருப் பிடிச்ச கப்பலா?" என்றது பரமேஸ்வரி.

"அம்மா, துரு இல்லாத கப்பல்னா கடலுக்கே போகாத கப்பல்."

"கல்யாணத்துக்குப் போற புள்ளைக்கு அழுக்குச் சட்டையா போட்டு அனுப்புவீங்க? புதுசாத்தான் போகணும்."

இரண்டு ஆண்களும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. லயத்துக்கு லயம் மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கி, தப்பு மேளச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கரகம் முன்னால் போக, பரமேஸ்வரி சும்மாடு கோலி, கப்பலைத் தலையில் ஏற்றிக்கொண்டது. நான் பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினேன். "பயப்படாதீங்கண்ணே. இருபது கிலோ கொழுந்தோட இந்தச் சரிவுல ஏறி இறங்குற கழுத்து" என்றது. கை பிடிக்கவே இல்லை. பச்சைத் தேயிலைக்கு மேலே கருநீலக் கப்பல் ஆடாமல் அசையாமல் போயிற்று. என் இருபத்து மூன்றும் கண்ணாடிக்குள் நிற்கிறவை. ஒரு கப்பல் நகர்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆத்தா காலடியில் பூசாரி வாங்கி வைத்தார். மூடிகளை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார், ஆடவில்லை. "முழுசா இருக்கு" என்றார். பரமேஸ்வரி கீழே விழுந்து கும்பிட்டு, எழுந்திருக்க நேரமாயிற்று. யாரும் எழுப்பவில்லை. நான் பொறித்துக் கொண்டுபோயிருந்த பித்தளைத் தகடு என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அதில் 1:100 என்று இருக்கிறதே, அதை எப்படி அங்கே ஒட்டுவது?

மஞ்சள் நீராட்டில் செம்பு செம்பாய்த் தண்ணீர் பறந்தது. கப்பல் மேலும் விழுந்தது. கூட்டம் ஓய்ந்த பிறகு மோகன் என் கையைச் சுரண்டினார். நங்கூரத் துளைக்குள் தேங்கிய மஞ்சள் தண்ணீர் மூக்கிலிருந்த குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு ஒழுகி, காய்ந்து, செம்பழுப்பாய் ஒரு கோடு நின்றது. படத்தில் இருந்த அதே இடம், அதே நீளம். மோகன் மெதுவாக, "பரமேஸ்வரிகிட்டச் சொல்லிராதீங்கண்ணே, துடைச்சிரும்" என்றார்.

கோயில் வாசலுக்கு நேரே ஒரு பாறையடியில்தான் சிக்னல். அங்கே நின்று மோகன் தினேஷுக்கு வீடியோ போட்டார். முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறக் கடல். போனைக் கோயிலுக்குள் திருப்பிக் காட்ட, பிள்ளை குனிந்து உற்றுப் பார்த்தான். பிறகு, "அப்பா, வீடு கொஞ்சம் உசந்து நிக்குதே?" என்றான்.

ஒரே பார்வையில் பிடித்துவிட்டான். அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்குகிறவன் அல்லவா.

போனை வாங்கி நானே சொன்னேன்: "ஒன்றரை அடி உசந்திருச்சு தம்பி. தப்பு என்னோடது. நூறுன்னு நெனச்சுத் தொண்ணூத்தாறுல செஞ்சுட்டேன்."

"பரவால்ல மாமா. அலை அடிச்சா எங்க ரூமுக்குத் தண்ணி வராது" என்று சிரித்தான். "அம்மா சாப்பிட்டாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். பாறையடியிலேயே நடந்த அன்னதானப் பந்தியில் பரமேஸ்வரி இலை போட்டு உட்கார்ந்திருந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. முதல் உருண்டையை எடுத்து, கண்ணை மூடி, வாயில் வைத்து, மென்று, விழுங்கியது. பிறகு எங்களைப் பார்த்து, "தப்ப சொல்லி முடிச்சாச்சுல்ல? எல்லாரும் வந்து சாப்பிடுங்க, ஆறுது" என்று அதட்டியது. போனில் தினேஷ் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாங்களும் உட்கார்ந்தோம்.

துறையூர் திரும்பி இறங்கின அன்றைக்கே இருபத்து மூன்று தகடுகளையும் கழற்றினேன். சரசு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். புதிதாக இருபத்து மூன்று பொறித்து மாட்டியாகிவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது நின்று பார்க்கிறார்கள். நூறு என்றால் புரியும், இதென்ன தொண்ணூற்றாறு, யார் சொன்ன கணக்கு என்று கேட்கிறார்கள்.

பூனாகலைக் கொழுந்துத் தராசில் நிறுத்துப் பார்த்தது என்று சொல்கிறேன்.